ஹகோடாதேயில் ரஷ்யாவின் முதல் கான்சல்: கோஷ்கேவிச்சின் வாழ்க்கை

கேட்கப்பட்ட கேள்வி இது: "தந்திக் கம்பி எட்டாத காலத்தில், ரஷ்யா தொலைதூர நாடுகளுக்கு அனுப்பிய கான்சல்கள் (வெளிநாட்டு ஊரில் தன் நாட்டு நலனைக் கவனிக்கும் அரசுப் பிரதிநிதிகள்) அங்கே உண்மையில் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்? அவர்களுடைய வாழ்க்கை எப்படி இருந்தது?"

பொதுவாகப் பதில் சொன்னால் சப்பென்று இருக்கும். ஐரோப்பியத் துறைமுகங்களில் ரஷ்யக் கான்சலாக இருந்தவர்களில் பலர் ரஷ்யர்களே இல்லை. அங்கே கடை வைத்திருந்த ஜெர்மானியரோ கிரேக்கரோ ஆன வியாபாரிகள். கப்பல் வந்தால் காகிதத்தில் முத்திரை குத்துவார்கள், மற்ற நேரத்தில் சொந்த வியாபாரத்தைப் பார்ப்பார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதனால் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்கிறேன்: ஜப்பானில் ரஷ்யாவின் முதல் கான்சலாக 1858 முதல் 1865 வரை ஹகோடாதே துறைமுகத்தில் இருந்த இயோசிஃப் கோஷ்கேவிச். இவர் வியாபாரியும் இல்லை, பிரபு குடும்பத்துப் பிள்ளையும் இல்லை. பாதிரியார் படிப்பு படித்தவர். பூச்சி பிடிப்பார், வானிலைக் குறிப்பு எழுதுவார், அகராதி தொகுப்பார். கான்சல் வேலை அவரிடம் வந்து சேர்ந்த விதமே ஒரு தனிக் கதை.

கோஷ்கேவிச் 1814-இல், இன்றைய பெலாரஸில் அடங்கிய மின்ஸ்க் மாகாணத்தில் ஒரு ஆர்த்தடாக்ஸ் பாதிரியாரின் மகனாகப் பிறந்தார் (ஆர்த்தடாக்ஸ் சபையில் ஊர்ப் பாதிரியார்கள் குடும்பஸ்தர்கள்தான்). அந்தக் கால ரஷ்யாவில் பாதிரியார் பிள்ளைக்குப் படிப்பு உண்டு, பணம் கிடையாது. அவர் மின்ஸ்க் செமினரியில் படித்து முடித்து, பீட்டர்ஸ்பர்க் இறையியல் அகாடமிக்குப் போனார். 1839-இல் அங்கிருந்து வெளியே வந்ததும், பெய்ஜிங்குக்குப் புறப்பட்ட பன்னிரண்டாவது ரஷ்யத் திருச்சபைத் தூதுக்குழுவில் அவரைச் சேர்த்துவிட்டார்கள்.

இந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற ஐரோப்பிய நாடுகள் பெய்ஜிங்கில் நிரந்தரமாகக் கால்வைக்க முடியாமல் தவித்த காலத்தில், 1727-ஆம் ஆண்டின் கியாக்தா உடன்படிக்கையின் பேரில் ரஷ்யா அங்கே ஒரு மடத்தை வைத்திருந்தது. பெயருக்கு மடம், நடைமுறையில் அதுதான் ரஷ்யாவின் தூதரகம், மொழிப்பள்ளி, செய்தி சேகரிக்கும் இடம் எல்லாமே. ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை ஆட்கள் மாறுவார்கள். சில பாதிரியார்கள், சில மாணவர்கள், ஒரு மருத்துவர். குடியில் விழுந்து போனவர்களும் அதில் உண்டு, உலகத் தரத்தில் சீனவியல் அறிஞர்களாக ஆனவர்களும் உண்டு. கோஷ்கேவிச் இரண்டாவது வகை.

அங்கே இருந்த ஏறக்குறைய பத்து வருடத்தில் சீனமும், அன்றைய சீன அரச வம்சத்தின் மொழியான மஞ்சுவும் கற்றார். வானிலையை அளந்து குறித்தார். வண்ணத்துப்பூச்சி, வண்டு, செடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் பாடம் செய்து பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்பினார். பின்னால் அவர் வெளியிட்ட கட்டுரைகளின் பொருளைப் பார்த்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்: சீன மணிச்சட்டத்தில் கணக்குப் போடுவது எப்படி, பட்டுப்புழு வளர்ப்பு, எழுதும் மையும், பெண்கள் முகத்துக்குப் பூசும் வெள்ளையும், கன்னச் சிவப்பும் தயாரிக்கும் முறை. அரண்மனைச் சதியோ படைபலமோ அல்ல. பட்டறைகளில் ஆட்கள் கையால் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அவர் கண் இருந்தது. இந்தக் குணம் கடைசிவரை மாறவில்லை.

1852-இல் ரஷ்யா, வெளிநாட்டாருக்குக் கதவடைத்திருந்த ஜப்பானைத் திறக்க வைக்கலாம் என்று அட்மிரல் புத்யாதினை அனுப்பியது. அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி என்பவரும் அதே நோக்கத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார். 'பல்லாதா' என்ற போர்க்கப்பலில் புத்யாதினுக்குச் செயலாளராக வந்தவர் நாவலாசிரியர் கொன்சரோவ்; சீன மொழிபெயர்ப்பாளராக வந்தவர் கோஷ்கேவிச். ஜப்பானுக்குப் போகும் கப்பலில் சீன மொழிபெயர்ப்பாளர் எதற்கு? பேச்சு நடத்தும் அளவுக்கு ஜப்பானிய மொழி தெரிந்தவர் ரஷ்யாவிடம் இல்லை. ஜப்பானிய அதிகாரிகள் சீன எழுத்தைப் படித்து வளர்ந்தவர்கள். நாகசாகியில் டச்சு வியாபாரிகளோடு பழகிய மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். ஆகவே பேச்சு டச்சு வழியாக, எழுத்து சீனம் வழியாக என்று வேலை நடந்தது. டச்சுப் பக்கத்தைக் கப்பல் அதிகாரி போசியெத் பார்த்துக்கொண்டார், சீனப் பக்கத்தை கோஷ்கேவிச். ஒரு வாக்கியம் ரஷ்ய மொழியிலிருந்து டச்சுக்குப் போய், டச்சிலிருந்து ஜப்பானியத்துக்குப் போய், பதில் அதே வழியில் திரும்பி வரும். ஒரு சின்ன விஷயத்துக்கு அரை நாள் ஓடிவிடும் என்பதில் வியப்பில்லை.

வழியில் நன்னம்பிக்கை முனையில் கப்பல் நின்றபோது சில அதிகாரிகள் உள்நாட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் ஊர் பார்த்தார்கள். கோஷ்கேவிச் கல்லும் பூச்சியும் செடியுமாகப் பொறுக்கிச் சேர்த்தார். இன்றும் ஜப்பானில் மரச்சாற்றைத் தேடிவரும் ஒரு பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சிக்கு அறிவியல் பெயரில் 'கோஷ்கேவிச்சி' என்று வால் இருக்கிறது. சீனப் பக்கத்து அந்துப்பூச்சி ஒன்றுக்கும் இவர் பெயர்தான்.

அப்புறம் வந்தது 1854 டிசம்பர் 23. 'பல்லாதா' பழசாகிவிட்டதால் புத்யாதின் 'டயானா' என்ற புதுக் கப்பலுக்கு மாறி ஷிமோடா துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருந்தார். காலையில் பெரிய நிலநடுக்கம், பின்னாலேயே சுனாமி. வளைகுடாவுக்குள் தண்ணீர் சுழன்று, அரை மணி நேரத்தில் 'டயானா' தன் நங்கூரத்தைச் சுற்றி 42 தடவை சுழன்றதாகக் கப்பல்காரர்கள் எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஷிமோடா ஊர் கிட்டத்தட்ட முழுவதும் போயிற்று. உடைந்த கப்பலைச் சரிசெய்ய, பக்கத்தில் மறைவாக இருந்த ஹெடா என்ற மீனவர் கிராமத்துக்கு நூறு போல ஜப்பானியப் படகுகள் கட்டி இழுத்துப் போனார்கள். நடுவழியில் படகுக்காரர்கள் வானத்தில் ஒரு சின்ன வெள்ளை மேகத்தைப் பார்த்தார்கள். கயிற்றை வெட்டிவிட்டு, எல்லோரும் கரைக்கு விரைந்தார்கள். ரஷ்யர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் புயல் அடித்துக் கப்பல் மூழ்கியது. அந்தக் கடலை அறிந்தவர்கள் அவர்கள்தானே.

கப்பல் இல்லாமல் ஏறக்குறைய ஐந்நூறு ரஷ்யர்கள் ஜப்பானியக் கரையில் சிக்கினார்கள். அதே சமயம் ரஷ்யாவுக்கு எதிராக பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து நடத்திய கிரீமியப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் வெளியே வேட்டையாடிக்கொண்டிருந்தன. இந்த நிலையிலும் புத்யாதின் ஜப்பானியப் பிரதிநிதி கவாஜி தோஷியாகிராவோடு பேசி, 1855 பிப்ரவரி 7 அன்று ஷிமோடா உடன்படிக்கையில் கையெழுத்திட வைத்தார். ரஷ்யக் கப்பல்களுக்கு ஹகோடாதே, ஷிமோடா, நாகசாகி மூன்றும் திறந்தன. ஜப்பானுக்கு வடக்கே உள்ள கூரில் தீவுகளில், எல்லை இதுரூப், உருப் என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே என்று முடிவானது. சகாலின் தீவு பிரிக்கப்படாமல் விடப்பட்டது. ரஷ்யா ஒரு கான்சலை வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதப்பட்டது. ரஷ்ய மொழி, ஜப்பானியம் போக டச்சிலும் சீனத்திலும் பிரதிகள் எழுத வேண்டியிருந்தது. சீன வேலை கோஷ்கேவிச்சின் தலையில். இன்று ரஷ்யாவிடம் இருக்கும் தென் கூரில் தீவுகளைத் தன்னுடையவை என்று கோரும் ஜப்பான், பிப்ரவரி 7-ஐ 'வடக்குப் பிரதேசங்கள் நாள்' என்று அனுசரிப்பதற்குக் காரணம் இந்த உடன்படிக்கைதான்.

ஊர் திரும்ப வழி வேண்டுமே. ஹெடாவின் தச்சர்களும் ரஷ்ய மாலுமிகளும் சேர்ந்து ஒரு சின்னப் பாய்மரக் கப்பலைக் கட்டி, அதற்கு அந்தக் கிராமத்தின் பெயரையே வைத்தார்கள். ஜப்பானியத் தச்சர்கள் மேற்கத்திய முறைக் கப்பல் கட்டுவதைக் கற்றுக்கொண்ட முக்கியமான இடங்களில் ஹெடாவும் ஒன்று. அதில் எல்லோருக்கும் இடமில்லை. மூன்று தொகுதியாகக் கிளம்பினார்கள். கடைசித் தொகுதி 'கிரேட்டா' என்ற ஜெர்மன் கப்பலை வாடகைக்குப் பிடித்தது. கோஷ்கேவிச் அதில் இருந்தார். கூடவே ஒரு ஜப்பானியரும்.

அவர் பெயர் தச்சிபானா கோசாய். ககேகாவா பகுதியைச் சேர்ந்த சாமுராய், இடையில் புத்தத் துறவியாக இருந்தவர். கோஷ்கேவிச்சுக்கு நூல்களும் வரைபடங்களும் கொண்டுவந்து கொடுத்துப் பழகியவர். ஜப்பானியர் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போனால் மரண தண்டனை என்ற காலம் அது. அவரைப் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை, ரஷ்ய உடுப்புப் போட்டுக் கூட்டத்தோடு நடத்திக் கொண்டுபோனார்கள் என்று இன்னொரு கதை. எப்படியோ கப்பலேறிவிட்டார்.

'கிரேட்டா' தப்பவில்லை. 1855 ஆகஸ்டில் ஓகோட்ஸ்க் கடலில் 'பரகூட்டா' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் அதைப் பிடித்தது. கோஷ்கேவிச்சும் தச்சிபானாவும் போர்க்கைதிகளாக ஹாங்காங் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1856-இல் சமாதானம் வந்த பிறகுதான் விடுதலை. சிறைபட்ட நேரத்தைப் பெரும்பாலானவர்கள் புலம்பித் தீர்ப்பார்கள். இவர்கள் இருவரும் உட்கார்ந்து ஜப்பானிய-ரஷ்ய அகராதி தொகுத்தார்கள். கோஷ்கேவிச்சுக்கு சீன எழுத்துத் தெரியும், தச்சிபானாவுக்கு ஜப்பானியம் தெரியும். இருவருக்கும் பொதுவான பாலம் அந்த எழுத்துதான். 1857-இல் பீட்டர்ஸ்பர்க்கில் அகராதி அச்சாகி, மறு வருடம் ரஷ்ய அறிவியல் அகாடமியின் தெமிதோவ் பரிசும் வாங்கியது. முகப்புப் பக்கத்தில் "ஜப்பானியர் தச்சிபானா நோ கோசாயின் துணையோடு" என்று அச்சிட்டிருக்கிறார் கோஷ்கேவிச். உதவியவர் பெயரை முன்னுரையின் மூலையில் தள்ளிவிட்டுப் போன எத்தனையோ ஐரோப்பிய அறிஞர்களைப் பார்த்திருக்கிறோம். இந்த ஒரு வரிக்காகவே எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும்.

தச்சிபானா பீட்டர்ஸ்பர்க்கிலேயே தங்கி, ஞானஸ்நானம் பெற்று, விளாதிமிர் இயோசிஃபோவிச் யமாதோவ் ஆனார். தந்தை பெயராக வரும் 'இயோசிஃபோவிச்' கோஷ்கேவிச்சிடமிருந்து வந்தது. வெளியுறவுத் துறையில் வேலை, பின்னர் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி ஆசிரியர். 1862-இல் ஜப்பானிய அரசின் தூதுக்குழு பீட்டர்ஸ்பர்க் வந்தபோது, அவர்களுக்குக் கொடுத்த விடுதியில் வாள் வைக்கும் தாங்கி, ஜப்பானியத் தலையணை, குளியலுக்குத் தவிட்டுப் பை, சாப்பிடக் குச்சி என்று எல்லாம் ஊர் வழக்கப்படியே இருந்தன. குழுவோடு மொழிபெயர்ப்பாளராக வந்திருந்த ஃபுகுசாவா யுகிச்சி இதைப் பார்த்து, இந்த ஊரில் யாரோ ஒரு ஜப்பானியர் இருக்கிறார் என்று ஊகித்தார். ஆள் மட்டும் கண்ணில் படவில்லை. தச்சிபானா 1874-இல்தான் ஊர் திரும்பினார்.

சரி, கோஷ்கேவிச்சுக்கு வருவோம். அகராதி அச்சான கையோடு, 1857 டிசம்பரில், அவரை ஹகோடாதேக்குக் கான்சலாக நியமித்தார்கள். அன்றைய ரஷ்ய வெளியுறவுத் துறையில் பதவிக்குக் குடும்பப் பெயர் முக்கியம். பாதிரியார் மகனுக்கு இந்த இடம் கிடைத்ததென்றால், வேறு யாருக்கும் அந்த மொழி தெரியாது என்பதுதான் காரணம். சைபீரியா முழுவதையும் கடந்து, அமூர் நதியின் முகத்துவாரத்தில் இருந்த நிக்கோலாயெவ்ஸ்க்குக்கு வந்து, அங்கிருந்து 'ஜிகித்' என்ற கப்பலில் 1858 நவம்பர் தொடக்கத்தில் ஹகோடாதே வந்து இறங்கினார்கள். மனைவி எலிசவேத்தா, ஒரு கடற்படை அதிகாரி, ஒரு மருத்துவர், ஒரு பாதிரியார், வேலையாட்கள் என்று ஒரு சிறு கூட்டம்.

ஏன் ஹகோடாதே? மற்ற நாட்டுக்காரர்கள் தலைநகர் எடோவையும் யோகோஹாமாவையும் சுற்றியே இருந்தார்கள். ரஷ்யாவுக்குக் கணக்கு வேறு. அதன் கிழக்குத் துறைமுகமான நிக்கோலாயெவ்ஸ்க் குளிர்காலத்தில் உறைந்துவிடும். விளாதிவஸ்தோக் என்ற ஊரே 1860-க்கு முன்னால் இல்லை. ஹகோடாதே உறைவதில்லை. குளிர்காலத்தைக் கழிக்கவும், கரி ஏற்றவும், காய்கறி வாங்கவும், நோயாளி மாலுமிகளை இறக்கவும் ரஷ்யக் கடற்படைக்கு அது வேண்டும். ஆக, கான்சலுடைய முதல் வேலை ராஜதந்திரம் இல்லை. கப்பலுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுப்பது, கரைக்கு வந்து குடித்துவிட்டுச் சண்டை போடும் மாலுமிகளைச் சமாளிப்பது, நாணய மாற்றில் வரும் தகராறைத் தீர்ப்பது. ரஷ்யக் குடிமகன் குற்றம் செய்தால் ரஷ்யச் சட்டப்படிதான் விசாரணை என்று உடன்படிக்கையில் இருந்ததால், அந்த ஊரில் நீதிபதியும் அவர்தான். ஆனால் ஜப்பானில் ரஷ்யாவுக்கு வேறு பிரதிநிதியே கிடையாது. ஆகையால் எடோ அரசோடு பேச வேண்டியதும் வடக்கு மூலையில் உட்கார்ந்திருந்த இவர்தான்.

தங்க வீடு இல்லை. ஜிட்சுக்யோஜி என்ற புத்த கோயிலின் கட்டடத்தில் இடம் கொடுத்தார்கள். காகிதக் கதவும் பலகைச் சுவரும் கொண்ட ஜப்பானியக் கட்டடத்தில், ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் குளிர்காலம் என்றால் யோசித்துப் பாருங்கள். இந்தத் தொல்லையெல்லாம் சொந்தக் கட்டடம் எழுப்பும் வரை. 1860 வாக்கில் மலைச்சரிவில், துறைமுகத்தைப் பார்த்தபடி, கான்சல் வளாகமும் ஒரு சிறிய தேவாலயமும் எழுந்தன. ஜப்பானின் முதல் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் அதுதான். கிறிஸ்தவம் ஜப்பானியருக்குத் தடை. 1873 வரை அந்தத் தடைப் பலகைகள் ஊர்ச் சந்திகளில் நின்றன. வெளிநாட்டார் தங்களுக்குள் வழிபடலாம் என்ற அனுமதியின் பேரில் கட்டியது இது. பக்கத்திலேயே ஆங்கிலேயக் கான்சல் வளாகம். ஒரே தெருவில் ரஷ்யருக்கு ஜூலியன் நாட்காட்டி, ஆங்கிலேயருக்கு கிரிகோரியன், ஊருக்குச் சந்திர நாட்காட்டி. ஒரு கடிதத்துக்கு எந்தத் தேதி போடுவது என்பதே ஒரு வேலை.

பீட்டர்ஸ்பர்க்குக்குக் கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். குளிர்காலத்தில் கடல்வழி அடைத்துக்கொள்ளும். மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறேன் என்பது நடக்காத காரியம். இதில் சுதந்திரமும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஆபத்து 1861-இல் வந்தது.

கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் சுஷிமா தீவு இருக்கிறது. ரஷ்யக் கடற்படைத் தளபதி லிகச்சோவுக்கு அங்கே ஒரு தளம் வேண்டும் என்று ஆசை. வெளியுறவுத் துறை தயங்கியது. கடற்படைத் தலைமை அரைகுறையாகத் தலையாட்டியது. 1861 மார்ச்சில் பிரிலியோவ் என்ற கேப்டன் 'போசாத்னிக்' கப்பலோடு உள்ளே நுழைந்து, பழுது பார்க்கிறேன் என்று சொல்லிக் கரையில் கொட்டகை போட்டுக் குடியேறிவிட்டார். உள்ளூர்க்காரர்களோடு கைகலப்பில் ஓர் உயிர் போனது. எடோ அரசுக்கு ரஷ்யாவிடம் பேச ஒரே வாசல் ஹகோடாதே. அங்கிருந்த ஜப்பானிய ஆளுநர் முராகாகி, கோஷ்கேவிச்சிடம் வந்து முறையிட்டார். கோஷ்கேவிச்சைக் கலந்துகொண்டு செய்த காரியமே இல்லை இது. ஆனால் கணக்குக் கேட்கப்பட்டது அவரிடம். கப்பலை எடுக்கச் சொல்லி அவர் வலியுறுத்தினார். கோடையில் ஆங்கிலேய அட்மிரல் ஹோப்பும் தன் கப்பல்களோடு சுஷிமாவுக்கு வந்து நின்றார். செப்டம்பரில் 'போசாத்னிக்' கிளம்பியது. மூன்று வருடமாக உட்கார்ந்து சம்பாதித்த நம்பிக்கையை ஒரு கேப்டன் ஆறு மாதத்தில் கரைத்தார். ஆரம்பகாலக் கான்சல்களின் நிலை பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம். நாட்டின் கொள்கையை அந்தக் கடலில் உண்மையில் நடத்தியவர்கள் பீரங்கி வைத்திருந்தவர்கள். கான்சல் பின்னால் வந்து கூட்டிப் பெருக்குவார்.

ஆனால் பதவியின் எல்லைக்கு வெளியே அவர் செய்ததைப் பாருங்கள். அங்கேதான் இந்த வாழ்க்கை சுவையாகிறது.

கூட வந்த மருத்துவர் அல்பிரெக்ட், கடற்படைக்காரர்களுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரியில் ஊர்க்காரர்களுக்கும் இலவசமாக வைத்தியம் பார்த்தார். அவருக்குப் பின் சலேஸ்கி வந்தார். 1864-இல் ஹகோடாதே வழியாகக் கள்ளத்தனமாக அமெரிக்காவுக்குத் தப்பிப்போகக் காத்திருந்த நீஜிமா ஜோ என்ற இளைஞர் கண் நோய்க்கு இந்த ரஷ்ய ஆஸ்பத்திரியில்தான் சிகிச்சை பெற்றார். எங்கிருந்தோ வந்த ஒரு நாடு நம் ஊர் ஏழைகளுக்கு இவ்வளவு செய்கிறதே, நம் அரசு என்ன செய்கிறது என்ற கேள்வி அவர் மனதில் தைத்தது. பின்னாளில் கியோட்டோவில் தோஷிஷா கல்வி நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர்தான்.

அடுத்தது கேமரா. கோஷ்கேவிச்சுக்குப் புகைப்படக் கலை தெரியும். குளிரில் மேற்கத்திய உடுப்புத் தைக்க ஆள் வேண்டுமென்று உள்ளூர்த் தையற்காரர் கிசு கோகிச்சியை அழைத்தார்கள். ஒரு உடுப்பைப் பார்த்து இன்னொன்று தைக்கக் கற்ற கிசு, கான்சலிடமிருந்து படம் எடுக்கவும் கற்று, 1864 வாக்கில் ஹகோடாதேயில் புகைப்பட நிலையம் தொடங்கினார். தமோதோ கென்சோவின் கதை வேறு மாதிரி. பனியில் கால் அழுகிப்போய், டாக்டர் சலேஸ்கி அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தொடர்பில்தான் அவரும் கேமராவுக்கு வந்தார். எடோ அரசின் ஷின்சென்குமி என்ற காவல்படை வீரர் ஹிஜிகாதா தோஷிசோவின் படம் ஒன்று ஜப்பானில் எல்லோருக்கும் தெரியும்: பூட்ஸ் போட்டு, மேற்கத்திய உடையில், நாற்காலியில் அமர்ந்திருப்பார். அதை எடுத்தவர் தமோதோ என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படுவது. ஹொக்கைடோவின் புகைப்பட வரலாற்றைத் தொடங்கினால் கான்சல் வீட்டு முற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தாவரவியலாளர் மக்சிமோவிச் 1860-இல் வந்து இந்த ஊரிலிருந்தே ஜப்பானியச் செடிகளைச் சேகரிக்கத் தொடங்கினார். கான்சல் அலுவலகத்தில் இருந்த இவான் மாகோவ் என்பவர் ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ரஷ்ய அரிச்சுவடி ஒன்றை எழுதி 1861-இல் ஊரிலேயே அச்சிட்டு, பரிசாகக் கொடுத்தார்.

பாதிரியார் விஷயத்தில் கோஷ்கேவிச் எடுத்த முடிவு எல்லாவற்றையும்விட நீண்டகால விளைவு தந்தது. முதலில் வந்த பாதிரியார் உடல்நலம் கெட்டுத் திரும்பிப் போனதும், அடுத்தவர் அகாடமிப் படிப்பு உள்ளவராக, கற்கும் ஆர்வம் உள்ளவராக இருக்க வேண்டும் என்று கோஷ்கேவிச் மேலிடத்துக்கு எழுதினார். வந்து சேர்ந்தவர் நிக்கோலாய் கசாத்கின். வயது 24. குளிர்காலத்தில் நிக்கோலாயெவ்ஸ்க்கில் மாட்டிக்கொண்டு, 1861 கோடையில் ஹகோடாதேயில் இறங்கினார். வந்தவுடன் பிரசங்கம் செய்யவில்லை. வருடக்கணக்கில் மொழி படித்தார். மேலே சொன்ன நீஜிமாதான் அவருக்குக் கொஞ்ச காலம் ஜப்பானிய ஆசிரியர். இருவரும் சேர்ந்து ஜப்பானின் பழம்பெரும் வரலாற்று நூலான 'கொஜிகி' வாசித்தார்கள். கான்சலின் பையனுக்கு வாள்பயிற்சி சொல்லிக்கொடுக்க சவாபே தகுமா என்ற, ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவின் பூசாரி அந்த வளாகத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். அந்நியரை வெறுத்த சாமுராய் அவர். பாதிரியாரை வெட்டிவிடலாம் என்றே ஒரு நாள் அறைக்குள் போனார். நான் சொல்வது என்னவென்று தெரியாமலே எப்படித் தப்பென்கிறாய், முதலில் கேள் என்றார் நிக்கோலாய். கேட்கப் போனவர் 1868-இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜப்பானிய ஆர்த்தடாக்ஸ் சபை அங்கிருந்து வளர்ந்தது. நிக்கோலாய் 1970-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இதையெல்லாம் வைத்து கோஷ்கேவிச் ஒரு தியாகி, பண்பாட்டுத் தூதர் என்று மாலை போட வேண்டாம். அவர் ஒரு பேரரசின் சம்பளக்காரர். சேர்த்த வரைபடங்கள் வெறும் ரசனைக்காகச் சேர்த்தவை அல்ல. ஹெடாவில் தச்சிபானாவிடம் வரைபடம் வாங்கியபோதே அது ஜப்பானியச் சட்டப்படி குற்றம் என்பது அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலும் அரசியல் லாபம் இருந்தது. ஆனாலும், அதே ஊரில் 1865-இல், அவர் போன பிறகு, ஆங்கிலேயக் கான்சல் அலுவலகத்து ஆட்கள் ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளைத் திருடிய விவகாரத்தில் அந்தக் கான்சலின் பதவியே போனது. பக்கத்து வீட்டையும் பார்த்துத்தானே ஒருவரை எடை போட முடியும்.

அவருடைய கடைசி இரண்டு வருடங்கள் நன்றாக இல்லை. 1864-இல் மனைவி எலிசவேத்தா ஹகோடாதேயிலேயே இறந்தார். மறு வருடம் ஆங்கிலேய வளாகத்தில் பிடித்த தீ பரவி, ரஷ்யக் கான்சல் கட்டடம் எரிந்தது. 1865-இல் பொறுப்பை யெவ்கேனி பியூட்சோவிடம் ஒப்படைத்துவிட்டு அவர் கிளம்பினார். அந்த வருடக் கோடையில் ஆறு ஜப்பானிய மாணவர்கள் ரஷ்யக் கப்பலேறிப் பீட்டர்ஸ்பர்க்குக்குப் படிக்கப் போனார்கள். ஜப்பானிய அரசு ரஷ்யாவுக்கு அனுப்பிய முதல் மாணவர் குழு அது. அதற்குப் பல நாளாக வற்புறுத்தி வந்தவர் கோஷ்கேவிச்.

பீட்டர்ஸ்பர்க்கில் வெளியுறவுத் துறையின் ஆசியப் பிரிவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றார். வில்னா மாகாணத்தில் மாலி என்ற இடத்தில் சிறு பண்ணை வாங்கிக் குடியேறினார். இன்று அது பெலாரஸின் அஸ்த்ரவேத்ஸ் வட்டாரம். அணுமின் நிலையத்தால் செய்தியில் அடிபடும் அதே அஸ்த்ரவேத்ஸ். அங்கே மறுமணம் செய்துகொண்டார், 1872-இல் ஒரு மகன் பிறந்தான். ஜப்பானிய மொழியின் வேர்ச்சொற்களைப் பற்றிய ஓர் ஆய்வை எழுதிக்கொண்டே 1875-இல் காலமானார். அது அச்சானது 1899-இல்தான். அவர் சேர்த்திருந்த ஜப்பானிய நூல்களையும் வரைபடங்களையும் மகனிடமிருந்து 1910-இல் பீட்டர்ஸ்பர்க் ஆசிய அருங்காட்சியகம் வாங்கியது. இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு அது ஒரு பெரிய களஞ்சியம்.

அவர் இறந்த அதே 1875-இல்தான் ரஷ்யாவும் ஜப்பானும் புது உடன்படிக்கை போட்டு, சகாலின் முழுவதும் ரஷ்யாவுக்கு, கூரில் தீவுகள் முழுவதும் ஜப்பானுக்கு என்று மாற்றிக்கொண்டன. அவருக்குப் பின் வந்த பியூட்சோவ் படிப்படியாக ஏறிப் பின்னாளில் சீனாவில் ரஷ்யத் தூதரானார். அவர் தொழில்முறை ராஜதந்திரி. அதற்குப் பிறகு வந்தவர்களும் பெரும்பாலும் அந்த ரகம்தான். நீங்கள் கேட்ட, தந்திக்கு முந்தைய 'ஆரம்பகாலக் கான்சல்' என்ற வகை கோஷ்கேவிச்சோடு ஏறக்குறைய முடிந்துபோனது.

ஹகோடாதே போகிறவர்களுக்கு ஒரு தகவல். 'பழைய ரஷ்யக் கான்சல் அலுவலகம்' என்று காட்டப்படும் சிவப்புச் செங்கல் கட்டடம் 1908-இல் கட்டியது. அதற்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. கோஷ்கேவிச் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மோதோமாச்சி மேட்டில் இருக்கும் ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்குப் போங்கள். அந்தக் கட்டடமும் 1916-இல் எழுந்ததுதான், ஆனால் மனை அவருடைய கான்சல் வளாகத்தின் மனை.